கேபினட்டோடு வரும் எஸ்.எம்.பி.எஸ்.: மூன்று எண்களைக் கேட்டு வாங்குங்கள்

கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கொண்டுவந்து காட்டும் கொட்டேஷன்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். பிராசசர் என்ன மாடல், ராம் எத்தனை ஜி.பி., எஸ்.எஸ்.டி. எவ்வளவு, மானிட்டர் எத்தனை அங்குலம் என்று ஒவ்வொன்றுக்கும் தனி வரி. கம்பெனி பெயர், வாரண்டி எல்லாம் பக்காவாக இருக்கும். கடைசியில் ஒரு வரி: "கேபினட் வித் எஸ்.எம்.பி.எஸ்." அவ்வளவுதான். அது யார் தயாரித்தது, எத்தனை வாட், எத்தனை வருட வாரண்டி? எதுவும் இருக்காது. வாங்குகிறவரும் கேட்க மாட்டார். ஆனால் மேலே உள்ள அத்தனை பாகங்களுக்கும் கரண்ட் கொடுக்கப் போவது அந்தக் கடைசி வரியில் இருக்கும் தகர டப்பாதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புது கம்ப்யூட்டரை டெலிவரி செய்யும்போது கடைக்காரர் மல்டிமீட்டரை வைத்து மூன்று வோல்டேஜ்களை அளந்து காட்ட வேண்டும். அந்த எண்களைப் பில்லின் பின்னால் எழுதித் தரவும் வேண்டும். அவர் செய்யாவிட்டால் முதல் வாரத்திலேயே நீங்கள் அளந்துவிடுங்கள். பட்டுப் புடவை வாங்கும்போது ஜரிகையைப் பிரித்துப் பார்க்கிறோம், தங்கம் வாங்கும்போது எடை மெஷினில் வைக்கச் சொல்கிறோம். ஐம்பதாயிரம் ரூபாய் கம்ப்யூட்டருக்கு இரண்டு நிமிடம் மீட்டர் பிடிக்கச் சொல்வதில் என்ன கூச்சம்?

அந்த மூன்று எண்கள் என்னவென்று பார்ப்போம். சுவரில் இருந்து வருவது 230 வோல்ட் ஏ.சி. கரண்ட். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் எதுவும் அதை நேரடியாகச் சாப்பிடாது. எஸ்.எம்.பி.எஸ். அதை டி.சி.யாக மாற்றி 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று பிரித்துக் கொடுக்கிறது. பிராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் 12 வோல்ட்டில் இருந்து தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கின்றன. பெரிய ஹார்ட் டிஸ்க்கின் மோட்டார் சுற்றுவதும் 12 வோல்ட்டில்தான். யு.எஸ்.பி.யும், கேபிளில் இணைக்கும் எஸ்.எஸ்.டி.யும் 5 வோல்ட். மதர்போர்டிலேயே படுத்துக்கொள்ளும் சின்ன எம்.2 எஸ்.எஸ்.டி.க்கு 3.3 வோல்ட்.

இவை கொஞ்சம் ஏறி இறங்கலாம். எவ்வளவு? 1995இல் இன்டெல் கம்பெனி கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ். என்ற வடிவமைப்பைத்தான் இன்றைய டெஸ்க்டாப்கள் பெரும்பாலும் பின்பற்றுகின்றன. அதன்படி இந்த மூன்றுக்கும் ஐந்து சதவீதம் மேலே, ஐந்து சதவீதம் கீழே அனுமதி. அதாவது 12 வோல்ட் என்பது 11.4க்கும் 12.6க்கும் நடுவில் இருக்க வேண்டும். 5 வோல்ட் 4.75 முதல் 5.25 வரை. 3.3 வோல்ட் 3.14 முதல் 3.46 வரை. 2022இல் வந்த ஏ.டி.எக்ஸ். 3.0இல் 12 வோல்ட்டின் கீழ் எல்லையைச் சற்றுத் தளர்த்தியிருக்கிறார்கள். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு நீங்கள் 11.4ஐயே கோடாக வைத்துக்கொள்ளுங்கள். மைனஸ் 12 வோல்ட் என்று இன்னொன்றும் உண்டு, அதற்குப் பத்து சதவீதம் அனுமதி. அதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

எல்லை மீறினால் கம்ப்யூட்டர் உடனே புகைந்துவிடும் என்று நினைக்காதீர்கள். அப்படிப் புகைந்தால்கூட நல்லது, காரணம் தெரிந்துவிடும். நடப்பது வேறு. தானாக ரீஸ்டார்ட் ஆகும். காப்பி செய்துகொண்டிருக்கும்போது ஹார்ட் டிஸ்க் காணாமல் போய்த் திரும்பி வரும். நீலத் திரை வரும், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு காரணம் சொல்லும். பழி முழுவதும் விண்டோஸ் மீதும் வைரஸ் மீதும் விழும்.

தி. நகரில் வீட்டில் இருந்தபடியே சின்னச் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் ஒரு அம்மா எனக்குத் தெரிந்தவர். அவருடைய கம்ப்யூட்டர் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் அடிக்கடி ரீஸ்டார்ட் ஆனது. சர்வீஸுக்கு வந்த பையன் முதலில் வைரஸ் என்று ஃபார்மட் செய்தான், 500 ரூபாய். சரியாகவில்லை. ராம் கெட்டுவிட்டது என்று மாற்றினான், 2,200 ரூபாய். சரியாகவில்லை. யு.பி.எஸ். பேட்டரி வீக் என்று அதையும் மாற்றினான். கடைசியில் "மதர்போர்டு போயிடுச்சு மேடம், ஏழாயிரத்து ஐநூறு ஆகும்" என்று நின்றபோதுதான் அந்த அம்மா எனக்கு போன் செய்தார்.

நான் மீட்டரோடு போனேன். சும்மா ஓடும்போது 12 வோல்ட் லைனில் 11.63 இருந்தது. பரவாயில்லை, எல்லைக்குள்தான். பிறகு ஒரு பக்கம் பெரிய ஃபோல்டரைக் காப்பி செய்யவிட்டு, இன்னொரு பக்கம் அவர் மகளுடைய கேம் ஒன்றை ஓடவிட்டேன். 12 வோல்ட் 11.2க்கு இறங்கியது. அதே நேரத்தில் 5 வோல்ட் 5.31க்கு ஏறியது! ஒன்று கீழே, ஒன்று மேலே, இரண்டுமே எல்லைக்கு வெளியே. எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றினோம், 3,200 ரூபாய். மதர்போர்டு அதே மதர்போர்டு, இன்றைக்கும் ஓடுகிறது. கணக்கு ஃபைல்களுக்கு பென் டிரைவில் காப்பி இருந்தது. ஆனால் முதல் நாள் செய்த அந்த 500 ரூபாய் ஃபார்மட்டில் மகளின் பத்து வருடப் போட்டோக்கள் போய்விட்டன. ஃபார்மட் செய்வதற்கு முன்னால் இரண்டு நிமிடம் வோல்டேஜ் பார்த்திருந்தால் அவை இருந்திருக்கும்.

ஒன்று இறங்கும்போது இன்னொன்று ஏன் ஏறுகிறது? விலை குறைந்த எஸ்.எம்.பி.எஸ்.களில் 12 வோல்ட்டையும் 5 வோல்ட்டையும் ஒரே சர்க்யூட்தான் சேர்த்துக் கண்காணிக்கும். ஒரே கயிற்றின் இரண்டு முனைகளில் இரண்டு மாடுகளைக் கட்டியது போல. பழைய கம்ப்யூட்டர்களில் இரண்டு லைனிலும் சம அளவு வேலை இருந்ததால் சமாளித்தது. இப்போது கிட்டத்தட்ட எல்லாச் சுமையும் 12 வோல்ட் மேல்தான். அது இறங்கியதும் சர்க்யூட் தூக்கிவிடப் பார்க்கிறது. சுமையே இல்லாத 5 வோல்ட் எகிறிவிடுகிறது. நல்ல எஸ்.எம்.பி.எஸ்.களில் 12 வோல்ட்டில் இருந்து மற்ற இரண்டையும் தனித்தனியாகத் தயாரிப்பதால் இந்த இழுபறி இல்லை.

யு.பி.எஸ். விஷயமும் இதே டப்பாவில்தான் முடிகிறது. கரண்ட் போனதும் சாதாரண வீட்டு யு.பி.எஸ். பேட்டரிக்கு மாறச் சில மில்லி செகண்ட் ஆகும். அந்த இடைவெளியில் கம்ப்யூட்டரைத் தாங்க வேண்டியது எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் இருக்கும் பெரிய கெபாசிட்டர். நல்லதாக இருந்தால் சுமார் 16 மில்லி செகண்டாவது தாங்கும். சின்னதாகப் போட்டிருந்தாலோ, வயதாகி வற்றியிருந்தாலோ தாங்காது, யு.பி.எஸ். இருந்தும் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். யு.பி.எஸ். மாற்றியும் பலன் இல்லை என்று புலம்புகிறவர்கள் ஒரு தடவை எஸ்.எம்.பி.எஸ்.ஸைச் சந்தேகப்பட்டுப் பார்க்கலாம்.

சரி, எப்படி அளப்பது? ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் மல்டிமீட்டர் கிடைக்கும், அது போதும். வாங்கியதும் அதையே ஒரு முறை பரிசோதித்துவிடுங்கள்: புது பென்சில் பேட்டரியை அளந்தால் 1.5க்கும் 1.6க்கும் பக்கத்தில் காட்ட வேண்டும். மலிவான சில மீட்டர்களில் உள்ளே இருக்கும் பேட்டரி தீரப் போகும்போது எல்லாவற்றையும் கூடுதலாகக் காட்டும், ஜாக்கிரதை.

மீட்டரை டி.சி. 20 வோல்ட் என்ற இடத்தில் வையுங்கள். கம்ப்யூட்டரை அணைத்து, பக்கக் கதவைக் கழற்றுங்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இருந்து வரும் ஒயர்க் கற்றையில் எதிலும் மாட்டாமல் தொங்கும் நாலு ஓட்டைக் கனெக்டர் ஒன்று பெரும்பாலும் இருக்கும். மோலக்ஸ் என்பார்கள். அதில் மஞ்சள், கறுப்பு, கறுப்பு, சிவப்பு என்று நாலு ஒயர். மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டுக் கம்ப்யூட்டரை ஆன் செய்யுங்கள். மீட்டரின் கறுப்பு முனையைக் கறுப்பு ஒயரின் ஓட்டையிலும், சிவப்பு முனையை மஞ்சளிலும் வைத்தால் வருவது 12 வோல்ட். சிவப்பில் வைத்தால் 5 வோல்ட். இப்போது வரும் பல எஸ்.எம்.பி.எஸ்.களில் எல்லா ஒயரும் கறுப்பாகவே இருக்கும். பயப்பட வேண்டாம், நடுவில் உள்ள இரண்டும் எர்த், ஓரத்தில் ஒன்று 12, மற்றது 5. ஒரு ஓட்டையில் இருக்கும் முனை பக்கத்து ஓட்டையைத் தொடக் கூடாது, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 3.3 வோல்ட்டுக்கு மதர்போர்டில் மாட்டியிருக்கும் 24 பின் கனெக்டரின் பின்பக்கம், ஆரஞ்சு ஒயர் நுழையும் இடுக்கில் முனையைச் செருக வேண்டும். கை நடுங்குகிறவர்கள் அதை விட்டுவிட்டு பயாஸில் பார்த்துக்கொள்ளலாம்.

முக்கியமான விஷயம், இரண்டு தடவை அளக்க வேண்டும். ஒன்று சும்மா இருக்கும்போது, இன்னொன்று நன்றாக வேலை வாங்கும்போது. தி. நகர் அம்மாவின் கம்ப்யூட்டர் சும்மா இருந்தபோது பாஸ் மார்க் வாங்கியதை மறக்காதீர்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தனியாகக் கழற்றி, பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒரு கம்பியால் இணைத்து ஃபேன் சுற்றுகிறது, எஸ்.எம்.பி.எஸ். ஓகே என்று சொல்கிறவர்கள் உண்டு. ஃபேன் நன்றாக இருக்கிறது என்பதற்குத்தான் அது சாட்சி. சுமையே இல்லாமல் அளந்த வோல்டேஜை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

பயாஸில் 'ஹார்டுவேர் மானிட்டர்' என்ற பக்கத்திலும், எச்.டபிள்யூ.இன்ஃபோ போன்ற சாஃப்ட்வேரிலும் இதே வோல்டேஜ்களைப் பார்க்கலாம். இவை மதர்போர்டு சென்சார் சொல்லும் எண்கள், அப்படியே நம்ப வேண்டாம். ஒருவர் "12 வோல்ட் லைன் 8 வோல்ட் காட்டுகிறது" என்று பதறிக்கொண்டு வந்தார். உண்மையிலேயே 8 வோல்ட் என்றால் அந்த கம்ப்யூட்டர் ஓடி அந்த எண்ணைக் காட்டியே இருக்காது! சாஃப்ட்வேர் அந்த சென்சாரைத் தவறாகப் படிக்கிறது, அவ்வளவுதான். ஆனால் போன மாதம் 12.1 காட்டிய இடம் இந்த மாதம் 11.7 காட்டினால் மீட்டரை எடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

மல்டிமீட்டரும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. டி.சி.யின் மேல் ஓடும் சின்ன அலைகளை அது சராசரியாக்கிவிடும். அந்த அலை 12 வோல்ட்டில் 120 மில்லி வோல்ட்டுக்கும், மற்ற இரண்டிலும் 50 மில்லி வோல்ட்டுக்கும் மேல் போகக் கூடாது. அதைப் பார்க்க ஆசிலாஸ்கோப் வேண்டும். எனவே மீட்டர் கெட்டது என்று சொன்னால் கெட்டதுதான். நல்லது என்று சொன்னால் பெரும்பாலும் நல்லது. எஸ்.எம்.பி.எஸ். டப்பாவை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் டி.சி. இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் தங்கியிருக்கலாம்.

இனி ஸ்டிக்கர் விவகாரம். டப்பாவின் மேல் பெரிதாக '450 வாட்' என்று போட்டிருப்பார்கள். அதைப் பார்க்காதீர்கள். கீழே சின்ன எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும், அதில் 12 வோல்ட்டுக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 14 ஆம்பியர் என்றால் 12ஐ 14ஆல் பெருக்குங்கள், 168 வாட். உங்கள் பிராசசருக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் கிடைக்கப் போவது அதுதான். '80 பிளஸ்' முத்திரையையும் சிலர் வோல்டேஜுக்கான உத்தரவாதமாக எடுத்துக்கொள்கிறார்கள். அது 2004இல் தொடங்கிய சான்றிதழ் திட்டம். கரண்ட்டை எவ்வளவு வீணாக்காமல் மாற்றித் தருகிறது என்பதை மட்டும் சொல்கிறது. ஆனாலும் அந்த முத்திரையை உண்மையாகவே வாங்கிய டப்பாவின் உள்ளே ஓரளவு நல்ல பாகங்கள் இருக்கும் என்பது என் அனுபவம்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. அதற்குப் போகும் கரண்ட்டையும் பார்க்க வேண்டும். 230 வோல்ட் சப்ளை ஆறு சதவீதத்துக்கு மேல் ஏறி இறங்கக் கூடாது என்று 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் வரம்பு கட்டின. அதாவது 216 முதல் 244 வரை. மே மாத இரவில் தெருவே ஏ.சி. போட்டிருக்கும்போது உங்கள் யு.பி.எஸ். டிஸ்பிளேயில் என்ன எண் வருகிறது என்று பாருங்கள். 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருக்கும் எஸ்.எம்.பி.எஸ். இந்த இறக்கத்தைப் பொருட்படுத்தாது. பின்பக்கம் 115, 230 என்று சின்ன சிவப்பு ஸ்விட்ச் உள்ள பழைய வகை அவ்வளவு தாங்காது. அந்த ஸ்விட்ச் 115இல் இருக்கும்போது நம் ஊர் கரண்ட்டில் செருகினால் பட்டாசு நிச்சயம். வீட்டுக் குழந்தைகள் எட்டாத இடத்தில் அது இருக்கட்டும்.

மயிலாப்பூர் பக்கம் பழைய வீடுகளில் எனக்கு அடிக்கடி வரும் புகார் வேறு. "கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறது." அங்கே மூன்று பின் சாக்கெட் இருக்கும், ஆனால் எர்த் ஒயர் எங்கும் போய்ச் சேராது. அல்லது மூன்றாவது பின்னை ஒதுக்கிவிட்டு இரண்டு பின் அடாப்டரில் செருகியிருப்பார்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வாசலில் பேஸில் இருந்தும் நியூட்ரலில் இருந்தும் டப்பாவின் உடம்புக்கு இரண்டு சின்ன கெபாசிட்டர்கள் இருக்கும். எர்த் இல்லாவிட்டால் அவை உடம்பைப் பாதி வோல்டேஜில், அதாவது 115 வோல்ட் அளவில் நிறுத்திவிடும். ஓடும் கரண்ட் மிகக் குறைவு, அதனால்தான் சுருக்கோடு போகிறது. ஆனால் அந்த நிலையில் மானிட்டர் கேபிளையோ பிரிண்டரையோ செருகினால் அந்தப் போர்ட் போய்விடக்கூடும். புது எஸ்.எம்.பி.எஸ். வாங்கினாலும் சுருக் போகாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் அளக்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் வரும் அதே எண் கிட்டத்தட்ட வர வேண்டும். இந்த வேலையை நீங்கள் செய்ய வேண்டாம்.

மழைக்காலத்துக்கும் ஒரு வார்த்தை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு ஆற்றங்கரை வீடுகளில் தரையில் இருந்த கேபினட்கள் மூழ்கின. சிலர் எஸ்.எம்.பி.எஸ்.ஸை வெயிலில் காயவைத்துத் திரும்பவும் மாட்டப் பார்த்தார்கள். நனைந்த ஹார்ட் டிஸ்க்கைக்கூட டேட்டா மீட்பவரிடம் கொடுக்கலாம், நனைந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தூக்கிப் போடுவதுதான் சரி. 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் அடித்தபோது நகரில் பல இடங்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. அப்படிப் போன கரண்ட் திரும்பி வரும் நேரம் ஆபத்தானது. எங்காவது நியூட்ரல் ஒயர் அறுந்திருந்தால் சில வீடுகளுக்கு 230க்குப் பதில் 400ஐ நெருங்கும் வோல்டேஜ் வந்துவிடும். புயலுக்கு முன் பிளக்கைப் பிடுங்குங்கள், கரண்ட் வந்து லைட் எல்லாம் சீராக எரிந்து அரை மணி நேரம் கழித்துச் செருகுங்கள்.

கடைக்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ரிச்சி தெருவில் எனக்குப் பழக்கமான ஒருவரிடம் இதைச் சொன்னேன். "சார், கஸ்டமர் ஆயிரம் ரூபா குறைங்கறார். பிராசசர்ல குறைக்க முடியாது, ராம்ல குறைக்க முடியாது, வேற எதுல குறைக்கறது?" என்றார். அவர் சொல்வது பொய்யில்லை. பேரம் பேசும்போது நாம் வெட்டும் ஆயிரம், நமக்குப் பெயர் தெரியாத அந்த ஒரே பாகத்தில்தான் போய் விழுகிறது. அதனால் பேரத்தை வேறு மாதிரி பேசிப் பாருங்கள். கேபினட் வெறும் கேபினட்டாக இருக்கட்டும், எஸ்.எம்.பி.எஸ். தனி வரியாக, கம்பெனி பெயரோடும் 12 வோல்ட் ஆம்பியரோடும் வாரண்டியோடும் வரட்டும் என்று கேளுங்கள். கூடுதலாகும் பணத்துக்குக் கண்ணாடிக் கதவையும் கலர் கலராக எரியும் ஃபேனையும் விட்டுக்கொடுங்கள்.

தனியாக வாங்கும் நல்ல எஸ்.எம்.பி.எஸ்.களுக்கு மூன்று, ஐந்து வருட வாரண்டியெல்லாம் உண்டு. அளந்த எண்களைத் தேதியோடு பில்லிலேயே குறித்து வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, முக்கியமாக ஏப்ரலில் வெயில் ஏறும்போது, திரும்ப அளந்து பக்கத்தில் எழுதுங்கள். 12 வோல்ட் லைன் வேலை வாங்கும்போது 11.4க்குக் கீழே போனால் வாரண்டி முடியும்வரை காத்திருக்காமல், டப்பாவின் சீல் ஸ்டிக்கரைக் கிழிக்காமல் கடைக்கு எடுத்துப் போங்கள். "எங்க டெஸ்ட்டர்ல பச்சை லைட் எரியுது சார்" என்றால், லோடு கொடுத்து அளந்து காட்டச் சொல்லுங்கள்.